சதுர அடி கேட்டு விற்கும் ஏ.சி.



மாசி பிறந்துவிட்டால் நம் கடைவீதியில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். "அண்ணாச்சி, மாடி ரூமுக்கு ஏ.சி. போடலாம்னு இருக்கேன். எத்தனை டன் போடலாம்?" என்று ஒருவர் கேட்பார். "ரூம் எத்தனை சதுர அடி?" என்பார் மற்றவர். "பத்துக்குப் பன்னிரண்டு." "அப்ப ஒரு டன் போதும், போங்க." அத்தோடு விஷயம் முடிந்துவிடும். ஏ.சி. விற்கும் கடைக்குப் போனாலும் இதே கேள்வி, இதே பதில். முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய்ச் சரக்குக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டு விலை முடிக்கும் வியாபாரம் நம் ஊரில் வேறு எதுவும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

துவரை வாங்கும்போது மூட்டை எத்தனை என்று மட்டும் கேட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பவர் நம்மில் உண்டா? மாதிரி எடுத்துப் பார்க்கிறோம். பல்லில் கடித்து ஈரம் பார்க்கிறோம். கல், தூசி, பொக்கு பார்க்கிறோம். அப்படிப்பட்ட நாம், சொந்த வீட்டுக்குச் சரக்கு வாங்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறோம். இது சரியல்ல என்பதும், மின்சாதனம் விற்கும் நம் சங்கத்து உறுப்பினர்களே முதலில் இந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்பதுமே நமது கருத்து. அறையின் பரப்பை மட்டும் வைத்து ஏ.சி.யின் அளவைத் தீர்மானிக்க முடியாது. அந்த அறைக்குள் எங்கெங்கிருந்து எவ்வளவு வெப்பம் வருகிறது என்று கணக்கெடுக்க வேண்டும். இதைப் பொறியாளர்கள் குளிர்ச்சுமை என்பார்கள். பெயர்தான் பெரியது. கணக்கு, பள்ளிக்கூடத்துப் பெருக்கலும் கூட்டலும்தான். கல்லாவில் உட்கார்ந்தவர் எவரும் போடலாம்.

முதலில் டன் என்றால் என்ன என்று தெளிவாக்கிக் கொள்வோம். டன் என்றதும் நமக்கு ஆயிரம் கிலோ நினைவுக்கு வரும். ஏ.சி.யின் டன் எடை அல்ல. அது ஐஸ் வியாபாரத்திலிருந்து வந்த அளவு. அமெரிக்காவில் ஒரு டன் என்பது 2,000 ராத்தல், அதாவது 907 கிலோ. அவ்வளவு ஐஸ்கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் சுற்றியுள்ள இடத்திலிருந்து எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அந்த வேகத்துக்குத்தான் ஒரு டன் என்று பெயர். ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோ கலோரி வேண்டும். 907ஐ 80ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் மணிக்கு 3,023 கிலோ கலோரி வரும். அதையே வாட் கணக்கில் சொன்னால் 3,517 வாட். (இது அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பத்தின் கணக்கு, மின்சாரச் செலவு அல்ல. நல்ல ஒரு டன் இயந்திரம் ஏறத்தாழ ஆயிரம் வாட் மின்சாரம்தான் எடுக்கும்.) அந்தக் காலத்தில் பாஸ்டன் நகர வியாபாரியான பிரெடரிக் டியூடர் ஏரி ஐஸை வெட்டிக் கப்பலில் ஏற்றி 1833-ல் கல்கத்தா வரை அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் ஐஸ் ஹவுஸ், அவருடைய சரக்கை வைக்க 1842-ல் கட்டிய கிட்டங்கிதான். ஆக இந்த அளவே ஒரு வியாபாரி அளவு. வியாபாரிகளான நாம் அதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை.

நூறு, நூற்றிருபது சதுர அடிக்கு ஒரு டன் என்ற வழக்கை அடியோடு தள்ளிவிடவும் நாம் சொல்லவில்லை. அது கண் மதிப்பு. குவியலைப் பார்த்து "இருபது மூட்டை தேறும்" என்று சொல்கிறோமே, அது போல. கண் மதிப்பு பேச்சைத் தொடங்க உதவும். பில் போட உதவாது.

வெப்பம் எந்த வழியாக வருகிறது?

நம் பக்கத்து வீடுகளில் மேல்மாடி அறைக்கு முதல் கடன்காரன் தளம்தான். மதுரை போன்ற ஊரில் சித்திரை பிறக்கும் வேளையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆவணி மாதத்தின் முதல் பகுதி வரை, நண்பகலில் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கிறது. இதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். அக்கினி நட்சத்திர நாளில் தெற்குச் சன்னலில் நண்பகல் வெயில் விழாது. வடக்குச் சன்னலில்தான் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். குளிர்நாடுகளில் எழுதிய கட்டுரைகளைப் பார்த்துவிட்டுத் தெற்குச் சன்னலுக்குக் கனத்த திரை தைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நமக்குக் கோடையில் எதிரி மேலே இருக்கிறான், காலையில் கிழக்கே இருக்கிறான், மாலையில் மேற்கே இருக்கிறான்.

காங்கிரீட் தளத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது கடனுக்குச் சரக்கு அனுப்புகிற ஆள். பகல் பன்னிரண்டு மணிக்கு வெயில் ஏற்றிய வெப்பம் உடனே கீழே இறங்காது. ஐந்து, ஆறு மணி நேரம் தளத்துக்குள் நடந்து வந்து, மாலை ஐந்து மணிக்கு மேல்தான் அறையின் கூரையில் தலைகாட்டும். நள்ளிரவு வரை வந்துகொண்டே இருக்கும். இரவு பத்து மணிக்கு மின்விசிறியைப் போட்டால் அனல் காற்று கீழே இறங்குகிறதே, அது அன்று மதியத்து வெயில். செங்கல் சுவருக்கும் இதே குணம்தான். ஒன்பது அங்குல மேற்குச் சுவர், மாலை வெயிலை வாங்கி இரவு ஒன்பது, பத்து மணிக்குப் பட்டியல் அனுப்பும். சன்னல் கண்ணாடி அப்படியல்ல. அது ரொக்க வியாபாரம். வெயில் விழுந்த நிமிடத்தில் வெப்பம் உள்ளே இருக்கும்.

இதனால்தான் எல்லா வழிகளின் உச்ச அளவையும் ஒன்றாகக் கூட்டக்கூடாது. எந்த மணிக்கு எது எவ்வளவு என்று பார்த்து, ஒரு நேரத்துக்கு ஒரு கணக்கு போட வேண்டும். பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் படுக்கை அறைக்கு இரவு நேரக் கணக்கு முக்கியம். வீட்டு ஆட்கள் மாலையிலேயே கூடும் அறைக்கு ஐந்து மணிக் கணக்கு முக்கியம்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் நூறு முதல் நூற்றிருபது வாட் வெப்பம் விடுகிறார். பழைய குண்டு பல்பு ஒன்று எரிவது போல. விளக்கு, டி.வி., மின்விசிறி ஆகியவை தின்னும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்ளேதான் சேரும். கதவிடுக்கு, சன்னலிடுக்கு வழியாக வெளிக்காற்று வருகிறது. அதில் சூடு மட்டுமல்ல, ஈரமும் வருகிறது. ஈரத்தைத் தண்ணீராக்கிக் குழாய் வழியே வெளியேற்றுவதும் இயந்திரத்தின் வேலைதான். ஆகையால் நாகப்பட்டினத்தில் அல்லது சென்னையில் கடற்கரை ஓரம் வீடு வைத்திருப்பவருக்கு, வெயில் குறைவாகத் தெரிந்தாலும் ஈரச்சுமை கூடுதல். சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே கதவில்லாமல் கட்டிவிட்டு ஏ.சி. போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய அடுப்பொன்றில் மணிக்கு 150 கிராம் எரிவாயு எரிந்தாலே சுமார் 1,600 கிலோ கலோரி. அது அரை டன்னுக்கு மேல்! ஒரு பக்கம் குழம்பு கொதிக்க, மறுபக்கம் ஏ.சி. ஓடுவது, ஓட்டைச் சாக்கில் அரிசி கட்டுவது போலத்தான்.

இரண்டு அறைகளின் கணக்கு

இனி கணக்குக்கு வருவோம். கடைக்கு மேல் இரண்டு மாடி உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பாதிப்பேர் வீடு அப்படித்தான். மேல்மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்று, உயரம் பத்து அடி. பன்னிரண்டு அடிச் சுவர் மேற்கே, பத்து அடிச் சுவர் தெற்கே, வெளியைப் பார்த்தபடி. மேற்கே நான்குக்கு நான்கு சன்னல், நிழல் எதுவும் இல்லை. மூன்று பேர் இருக்கிறார்கள். மே மாதம், மாலை ஐந்து மணி. உள்ளே 25 டிகிரி வைக்க வேண்டும்.

சிமென்ட் பூச்சோடு நிற்கும் வெறுந்தளம் சதுர அடிக்கு ஏறத்தாழ 7 வாட் இறக்கும். 120 சதுர அடிக்கு 840. மேற்குச் சன்னல், நேர் வெயிலில் சதுர அடிக்கு 50 வாட்; 16 சதுர அடிக்கு 800. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சன்னல் போக மேற்குச் சுவர் 104 சதுர அடி, அந்த நேரத்தில் 2 வாட் வீதம் 208. தெற்குச் சுவர் 100 சதுர அடிக்கு 200. ஏ.சி. இல்லாத பக்கத்து அறைகளிலிருந்தும் தரை வழியாகவும் சுமார் 400. ஆட்கள் மூவர், 360. மணிக்கு ஒரு முறை அறைக் காற்று மாறுகிறது என்று வைத்தால் வெளிக்காற்றுக்கும் அதன் ஈரத்துக்கும் 280. விளக்கு, விசிறி, டி.வி. 150. கூட்டினால் 3,238 வாட்.

அதே வீட்டில் முதல் மாடியில், அதே பத்துக்குப் பன்னிரண்டு. மேலே இன்னொரு அறை இருப்பதால் தளத்தில் வெயில் இல்லை. மேலறையின் சூடு மட்டும் சுமார் 140. சன்னல் வடக்கே, சன் ஷேடு நிழலில். சதுர அடிக்கு 15 வாட் வீதம் 240. வெளிச்சுவர்கள் 204 சதுர அடி, நேர் வெயில் குறைவு, ஒன்றரை வாட் வீதம் 306. மற்றவை முன்போலவே 400, 360, 280, 150. கூட்டினால் 1,876 வாட்.

ஒரே பரப்பு. ஒன்று 0.92 டன், மற்றது அரை டன்னுக்குச் சற்று மேல். சதுர அடி கேட்டு விற்பவர் இரண்டு அறைக்கும் ஒரே ஒரு டன் இயந்திரத்தைத்தான் கட்டித் தருவார். கீழறைக்கு அது ஏறத்தாழ இரட்டிப்பு. மேலறைக்கு மூச்சுமுட்டும் அளவு. ஏனென்றால் பெட்டியில் சொல்லும் அளவு, வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்த அளவு. நம் ஊரில் 40ஐத் தாண்டும் நாளில், தகரக் கூரை ஓரத்தில் அனலில் நிற்கும் வெளி யூனிட்டிடம் அந்த அளவை எதிர்பார்க்க முடியாது. போதாக்குறைக்கு "ஒரு டன்" என்று விற்பவை எல்லாம் 3,517 வாட் தருவதும் இல்லை. நட்சத்திர முத்திரை ஒட்டிய தாளில் குளிர்விக்கும் திறன் வாட் கணக்கில் அச்சாகியிருக்கும். 3,300 போட்ட பெட்டியும் ஒரு டன்தான், 3,500 போட்ட பெட்டியும் ஒரு டன்தான். பொட்டலத்தில் நிகர எடை பார்த்து வாங்குகிற நாம், இந்த எண்ணையும் பார்த்து வாங்க வேண்டும். அதே தாளில் ஆண்டு மின்செலவு என்று போட்டிருப்பது 1,600 மணி நேர ஓட்டத்துக்கு. பகலும் இரவும் ஓட்டுகிறவருக்கு அந்த எண் பொருந்தாது.

நாம் மேலே தந்த வாட் வீதங்கள் செங்கல் சுவரும் காங்கிரீட் தளமும் உள்ள சாதாரண வீட்டுக்கு ஏற்ற தோராயமானவை. கட்டடத்துக்குக் கட்டடம் கொஞ்சம் ஏறும், இறங்கும். பத்து சதவீதம் கூட்டி வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் தோராயமான கணக்குக்கும் கணக்கே இல்லாமைக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

"பெரிசாப் போட்டா என்ன, சீக்கிரம் குளிரும்" என்பார்கள். பழைய மாதிரி, ஓடினால் முழு வேகம், நின்றால் நின்றுவிடும் இயந்திரத்தில் இது பெரிய தொல்லை. சூட்டை ஐந்து நிமிடத்தில் இறக்கிவிட்டு நின்றுவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே கிடைக்காது. அறை சில்லென்று இருக்கும், பிசுபிசுப்பு போகாது. அடிக்கடி நின்று ஓடுவதால் கம்ப்ரசரும் தேயும். இன்வெர்ட்டர் வகையில் இந்தத் தொல்லை குறைவு. சுமைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் விற்பனையாளர்கள் "இன்வெர்ட்டர்தானே, எந்த அளவானாலும் சமாளிக்கும்" என்கிறார்கள். ஓரளவு உண்மை. ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. தேவைக்கு மேல் கொடுத்த விலையை அது திருப்பித் தரப்போவதும் இல்லை.

இயந்திரத்துக்கு முன் தளம்

இப்போது மனதில் வைக்கச் சொன்ன இரண்டு எண்களுக்கு வருவோம். மேலறையின் 3,238 வாட்டில் தளமும் சன்னலும் மட்டும் 1,640. பாதிக்கு மேல்! தளத்தின் மேல் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு நன்றாக அடித்தால் 7 வாட் என்பது 3 வாட் அளவுக்கு இறங்கும். 840 போய் 360 ஆகும். மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறமாக மூங்கில் தட்டியோ நீட்டிய சன் ஷேடோ வைத்தால் 800 போய் 240 ஆகும். வெளிப்புறமாக என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே போடும் திரை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத்தான் மறிக்கும். அதில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். இந்த இரண்டு வேலைக்குப் பிறகு அதே மேலறையின் கணக்கு 2,198 வாட். 0.62 டன். முதலில் திணறிய அதே ஒரு டன் இயந்திரம் இப்போது சாவகாசமாக ஓடும். முக்கால் டன், 0.8 டன் இயந்திரங்களும் கடைகளில் உண்டு, அதுவே போதும். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறுகிற மின்கட்டணத்தில், உச்சியில் மிச்சமாகும் யூனிட்தான் விலை கூடிய யூனிட் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

வெள்ளைப் பூச்சு என்பது ஒரு முறை அடித்து மறந்துவிடும் காரியமல்ல. தூசியும் பாசியும் படிந்தால் பலன் பாதியாகும். கோடைக்கு முன் கழுவ வேண்டும், சில ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி அடிக்க வேண்டும். நிலையான வழி வேண்டுவோர் தளத்தின் மேலேயே வெப்பத்தடுப்பு அட்டை பரப்பி, அதன்மேல் ஓடு பதிக்கலாம். ஒன்றிய அரசின் மின்சிக்கனப் பணியகம் 2018-ல் வீடுகளுக்கென வெளியிட்ட 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பு, தளம் வழியே கடக்கும் வெப்பத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. நம் வெறுங்காங்கிரீட் தளம் அந்த வரம்பைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விடுகிறது. அந்த நாளில் மரக்கட்டை பரப்பிச் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்த மாடிகள் இதைவிட மேல். காங்கிரீட் வந்தபின் தட்டோடும் சுண்ணாம்பு ஜல்லியும் "பழைய பாணி" ஆகி, சிமென்ட் பூச்சோடு நிறுத்திக்கொண்டோம். செலவு குறைந்தது தளத்தில், கூடியது மின்கட்டணத்தில். 2024 பிப்ரவரியில் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் மாடியில் தகடு பதித்தவர்களுக்கு இன்னொரு லாபமும் கிடைத்திருக்கிறது. தகடு மறைக்கிற இடத்தில் தளத்துக்கு நிழல். இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதாகத் தெரியவில்லை.

நம் பெற்றோர் மாலையில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்ததும் வீண் வேலை அல்ல. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போக சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஐந்தேகால் லிட்டர் ஆவியானால், ஒரு டன் ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடி வெளியேற்றும் வெப்பத்துக்குச் சமம். ஆனால் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் கிடக்கும் தெருக்களில் இதைப் பரிந்துரைக்க நமக்கு மனம் வரவில்லை. விரிசல் விட்ட தளத்தில் ஒழுக்கும் உண்டாகும்.

விற்கிறவர்களுக்கு

நம் சங்கத்தில் மின்சாதனம் விற்கும் உறுப்பினர்கள் இதைப் படித்துவிட்டுச் சொல்லக்கூடியது நமக்குத் தெரியும். "வாடிக்கையாளருக்குப் பொறுமை இல்லை. நாலு கேள்வி கேட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அதுவும் போகட்டும், முக்கால் டன் போதும் என்று நாங்கள் சொன்னால், ஒரு டன் விற்கும் கடைதான் நல்ல கடை என்று நினைப்பார்." இதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகு, "வரி மிச்சத்தில் ஒரு படி பெரிசாகவே வாங்கிவிடலாம்" என்ற மனநிலையும் வந்திருக்கிறது. பெரிய நிறுவனக் கடைகளும் இணைய வியாபாரமும் விலையில் நம்மை நெருக்குகின்றன என்பதும் உண்மை.

அதனால்தான் சொல்கிறோம். விலையில் அவர்களோடு நாம் மோதி ஜெயிக்க முடியாது. வாடிக்கையாளர் வீட்டு மாடிப்படி ஏறிப் பார்க்க அவர்களால் முடியாது, நம்மால் முடியும். நாம் அடுத்த தெரு. அளவு நாடாவோடு ஒரு பையனை அனுப்பி, திசை பார்த்து, தளம் தொட்டுப் பார்த்து, சன்னலை அளந்து ஒரு தாளில் கணக்கெழுதிக் கொடுக்கும் கடையை அந்த வீடு பத்து வருடத்துக்கு மறக்காது. இயந்திரம் சிறிதாக விற்றால் லாபம் கொஞ்சம் குறையும். வெள்ளைப் பூச்சும் தட்டியும் வெப்பத்தடுப்பு அட்டையும் விற்பவர்களும் நம் சங்கத்தில்தானே இருக்கிறார்கள்? வரவு ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு மாறும், வீதியை விட்டுப் போகாது. குளிரவில்லை என்று கோடை நடுவில் வந்து சண்டை போடும் வாடிக்கையாளரும் குறைவார். அந்தச் சண்டையின் விலையைக் கடைக்காரர்கள் எவரும் பேரேட்டில் எழுதுவதில்லை.

இன்னொரு விஷயத்தையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். சற்றுக் கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெப்பக் கணக்கு ஏ.சி. வாங்குகிறவருக்கு மட்டும் உரியதல்ல. நம் கடைகளில் வேலை செய்யும் வெளியூர்ப் பிள்ளைகள் பலர், கடைக்கட்டடத்தின் மேல்தளத்தில், தகரக் கொட்டகையிலோ வெறுந்தளத்து அறையிலோதான் தங்குகிறார்கள். தகரத்துக்கு காங்கிரீட்டின் கடன் குணம் கிடையாது. மதியம் நெருப்பு, பொழுது சாய்ந்த சற்று நேரத்தில் ஆறிவிடும். காங்கிரீட் அறை மதியம் தாங்கும், இரவில்தான் வேகும். இரவுத் தூக்கத்துக்கு எது, மதிய ஓய்வுக்கு எது என்றுகூட யோசிக்காமல் நாம் இடம் ஒதுக்கியிருக்கிறோம். இரவு முழுவதும் வியர்த்துக் கிடந்தவன் காலை ஆறு மணிக்கு மூட்டை தூக்க வேண்டியிருக்கிறது. 2021-ல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு சட்டத் திருத்தம் செய்தபோது, "இதையும் அரசாங்கம் சொல்லித்தான் செய்ய வேண்டுமா" என்று நம் வீதியிலேயே சிலர் வருத்தப்பட்டார்கள். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அரசு அறிவித்திருக்கிறது. இந்த முறை சட்டம் வருவதற்கு முன்பே நாம் முந்திக்கொள்ளலாம். அந்த அறைகளுக்கு ஏ.சி. போடச் சொல்லவில்லை. தளத்துக்கு வெள்ளைப் பூச்சு, தகரத்துக்குக் கீழே காற்றிடைவெளி விட்டு ஓர் உட்கூரை, எதிரெதிர்ச் சன்னல் இரண்டு. வீட்டு மாடிக்கு ஆள் வந்து பூச்சு அடிக்கும் நாளிலேயே கடை மாடிக்கும் அடித்துவிடலாம்.

சங்க நிர்வாகக் குழுவுக்கு நமது வேண்டுகோள் இது. மேலே சொன்ன கணக்கை ஒரு பக்கப் படிவமாக அச்சடிக்க வேண்டும்: தளம், திசை, சன்னல், சுவர், ஆட்கள், அடுப்பு, வெளிக்காற்று, ஒவ்வொன்றுக்கும் வாட் வீதம், கீழே கூட்டல், 3,517ஆல் வகுத்தால் டன். வீதங்களைக் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக் கொள்ளட்டும். மின்சாதனக் கடைகள் ஒவ்வொரு ஏ.சி. பில்லோடும் அதை இணைத்துக் கொடுக்கட்டும். படிவத்தின் கடைசி வரியில் "ஊழியர் தங்கும் அறை" என்று ஓர் இடமும் விட வேண்டும். அச்சுக் கூலியைப் பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரிகள் நாங்களே பகிர்ந்துகொள்கிறோம். பங்குனிக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள், அதற்கு முன் ஒரு நாள் மாலை ஆறு மணிக்குத் தங்கள் மேல்மாடி அறையின் கூரையை நாற்காலி போட்டு ஏறிக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, சன்னல் அளவையும் திசையையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு வந்தால், கூட்டத்திலேயே பத்து வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.